கண்ணுல மாட்டுன கடல்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. பஸ்ஸுல எனக்கு எந்த சீட்டா இருந்தா என்ன. பையை மட்டும் காலுக்கு இடையில வச்சுக்கிறேன். சேவு வாசனை தூக்குதா? காலையில போட்ட சரக்கு. பொட்டலத்தைப் பிரிக்கட்டுமா, ரெண்டு வாயில போடுங்க. வேண்டாமா? சரி, சரி. ஒத்துக்கலைன்னா விட்டுருங்க.

தூத்துக்குடிக்குப் போறேன். மச்சினன் வீடு அங்க. எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, கூப்பிடப் போறேன். போன ஞாயித்துக்கிழமையும் போனேன், அதுக்கு முந்தியும் போனேன். நீங்க நெனைக்கிற மாதிரி சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. சண்டைன்னா நல்லா இருந்திருக்கும். நாலு பெரிய மனுசங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பேசி முடிச்சிருக்கலாம். இது என்னன்னே எனக்கு விளங்கல. வரமாட்டேன்னும் சொல்ல மாட்டேங்கிறா, வாறேன்னும் சொல்ல மாட்டேங்கிறா. எல்லாம் அந்தப் பெட்டி பண்ணுன வேலை.

பெட்டின்னா டி.வி. பெட்டி இல்ல. கண்ணுல மாட்டுறது. பாதி மூஞ்சியை மூடிரும், பின்னால பட்டை போட்டு இறுக்கிக் கட்டணும். மாட்டிக்கிட்டா நாம இருக்கிற எடம் தெரியாது, வேற எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். நீங்க பாத்திருக்கீங்களா? மால்ல பிள்ளைங்க விளையாடுற எடத்துலயா? அதேதான். அதை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. ஏன் வச்சிருக்காங்கன்னு கேளுங்க. நான் முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். நீங்க எட்டயபுரத்துலதானே இறங்கணும்? இன்னும் நேரம் இருக்கு.

சாத்தூர்ல நமக்குச் சேவுக்கடை. கடை பஜார்ல, சரக்குப் போடுறது வீட்டுக்குப் பின்னால கொட்டகையில. கடை எம் பொறுப்பு. மாவு பெசையிறது எங்கம்மா. எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னு மாவைக் கரண்டியில தேய்ச்சு விடுறது எம் பொண்டாட்டி, சண்முகக்கனி. பாக்கெட் போட ரெண்டு பொம்பளைங்க. மகளை ஓசூர்ல கட்டிக் குடுத்தாச்சு. கல்யாணம் ஆகி வந்த வருசத்துல இருந்து சட்டி முன்னால இருக்கிற அந்த எடம் கனியோட எடம்தான். சட்டிக்கு வலது பக்கம், சுவத்துக்கும் சட்டிக்கும் நடுவுல. வேற யாரு நின்னாலும் சேவு சரியா வராது, ஒண்ணு கருகும் இல்ல நமத்துப் போகும். கடைக்கு வர்றவங்க 'உங்க சேவுக்கு ஈடே இல்ல முதலாளி'ன்னு என்கிட்ட சொல்லுவாங்க. வீட்டுக்குப் போனதும் அவகிட்டச் சொல்லணும்னு நெனைப்பேன், மறந்துரும்.

போன தீவாளி சீசன். உங்களுக்குத் தெரியாதது இல்ல, தீவாளி சீசன்ல எங்க ஊர்ல அடுப்பு அணையாது. அடுப்புக் கால் ஒண்ணு ஆடுதுன்னு கனி சொல்லிக்கிட்டேதான் இருந்தா. ஆடத்தான் செஞ்சுது. ஒரு செங்கலை அண்டை குடுத்து ஓட்டு, தீவாளி கழியட்டும், வெல்டிங் வச்சுருவோம்னு சொன்னேன். நான் சொன்னதுல தப்பு இருக்கா? வெல்டிங் வைக்கணும்னா அடுப்பை ஒரு நாள் ஆற விடணும். சீசன்ல ஒரு நாளுங்கிறது எவ்வளவு பெரிசு, நீங்களே சொல்லுங்க.

சட்டி சாஞ்சிருச்சு. ரெண்டு தொடையில இருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும் எண்ணெய். இடது கையிலயும். நான் கடையில இருக்கேன். எங்கம்மா போன் பண்ணி, 'சட்டி கவுந்துருச்சுடா'ன்னா. 'எவ்வளவு எண்ணெய் போச்சு?'ன்னு கேட்டேன். பதட்டத்துல அப்படித்தானே வாயில வரும். அதுக்கப்புறம்தான் எங்கம்மா, கனி மேல கவுந்துருச்சுன்னு சொன்னா. உடனே கடையைச் சாத்திட்டு ஓடுனேன். சாத்தலைன்னு யாரும் சொல்ல முடியாது.

சாத்தூர்ல பாத்துட்டு உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. மதுரையில பெரிய ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு இப்ப. தீக்காயத்துக்குன்னு தனி வார்டு இருக்கு. உயிருக்குப் பயமில்ல, ஆனா ஆறுறதுக்கு நாளாகும், கட்டு மாத்துறதுதான் கஷ்டம்னு பெரிய டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டுனேன். எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க, அழுவேன்னு. எனக்கு அழுகை வரல. இப்பவும் வரல. சின்ன வயசுல இருந்து சட்டி முன்னால வளந்தவன் நான். விரல் நுனியில சூடு தெரியாது. எண்ணெயில இருந்து எடுத்த சேவை அப்படியே கையால அள்ளுவேன். உள்ளயும் அப்படி ஆயிருச்சோ என்னமோ, எனக்குத் தெரியல.

சரக்கா? சரக்கு நின்னா எப்படி. எதிர்வீட்டு அடுப்பை வாங்கிப் போட்டு எங்கம்மாவே நின்னா. ஆர்டர் குடுத்தவன் எங்க வீட்டுக் கஷ்டத்தைக் கேப்பானா?

இந்தக் கட்டு மாத்துறது இருக்கே, அதை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாக்க வேண்டாம். புண்ணுல ஒட்டிப் போன துணியைத் தண்ணி விட்டு நனைச்சு, கொஞ்சம் கொஞ்சமா உரிப்பாங்க. அப்புறம் செத்த தோலை எடுத்துட்டுக் கழுவுவாங்க. ஊசி போட்டுட்டுத்தான் செய்றாங்க, இருந்தாலும் தாங்காது. கனி வாயைத் தொறக்கிறவளே கிடையாது. அவ சத்தம் எங்க வீட்டு வாசலைத் தாண்டுனதில்ல. அன்னைக்குக் கத்துன கத்துல வராண்டாவுல இருந்தவங்க பூராவும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. கூட ஒருத்தர் நிக்கலாம்னு என்னையத் தலைமாட்டுல விட்டிருந்தாங்க. நல்லா இருக்கிற கையால எஞ் சட்டையைப் பிடிச்சு இழுத்தா, பட்டன் தெறிச்சுப் போச்சு. 'பல்லைக் கடிச்சுக்க, பல்லைக் கடிச்சுக்க'ன்னேன். வேற என்ன சொல்ல? நடுவுல கடையில இருந்து போன். எடுக்காம இருக்க முடியுமா? 'காரம் தூக்கலாவே போடு'ன்னு சொல்லி வச்சுட்டு, திரும்பவும் 'பல்லைக் கடிச்சுக்க'ன்னேன்.

அதுக்கப்புறம் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுரும். வேற யாருக்கோ மருந்து கொண்டு போற வண்டியா இருக்கும், இவளுக்குக் கண்ணு சொருகும். சாப்பிட மாட்டா. கட்டு மாத்துற நாளுக்கு முந்தின நாளே பச்சைத் தண்ணி இறங்காது. 'எல்லாரும் தாங்குறாங்கல்ல, நீயும் தாங்கு'ன்னு தைரியம் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

அப்பத்தான் ஒரு சின்ன டாக்டரம்மா இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. சின்ன வயசுதான், எம் மக வயசு இருக்கும். 'மனசு வேற எடத்துல ஈடுபட்டு இருந்தா வலி அவ்வளவாத் தெரியாதுங்க. பயமும் கொறையும். வலி ஊசியை நிறுத்த மாட்டோம், அதோட சேத்து இதையும் குடுத்துப் பாக்கிறோம். அவங்களுக்கு இஷ்டம்னா மட்டும்'ன்னாங்க. 'சினிமா காட்டுவீங்களா மேடம்?'ன்னேன். 'சினிமாவுல நாம வெளிய உக்காந்து பாக்கிறோம். இதுல உள்ள போயிருவோம், தலையைத் திருப்புனா அந்தப் பக்கமும் தெரியும்'ன்னாங்க. காடு இருக்கு, பனிமலை இருக்கு, கடலுக்கு அடியில இருக்கு, எது வேணும்னு கனிகிட்டக் கேட்டாங்க. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அவ டக்குன்னு பதில் சொன்னா. அவகிட்ட எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'னுதான் சொல்லுவா. அன்னைக்கு 'கடல்'ன்னா.

அவ பொறந்தது தூத்துக்குடியிலதான். கடல் பாத்து வளந்தவ. எங்க வீட்டுக்கு வந்தப்புறம் கடல் பக்கம் போகல. போறதுக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க. தம்பி வீட்டு விசேசத்துக்குப் போனாலும் காலையில போய்ச் சாயங்காலம் அடுப்பு பத்த வைக்க வந்துருவோம்.

மாட்டி விட்டாங்க. கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. நான் சட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இப்பப் பிடிப்பா, இப்பப் பிடிப்பான்னு. பிடிக்கல. தலை மெதுவா இந்தப் பக்கம் திரும்புது, அந்தப் பக்கம் திரும்புது. அமலோற்பவம்னு ஒரு சிஸ்டர், வயசானவங்க, அவங்கதான் எப்பவும் கட்டு மாத்துறது. 'என்னம்மா பாக்குற?'ன்னு கேட்டாங்க. 'ஆமை'ங்கிறா. 'எவ்வளவு பெரிய ஆமை, எம் பக்கத்துல வருது சிஸ்டர்'ங்கிறா. தொடையில தோலை எடுத்துக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி, இவ சிரிக்கிறா. வலி சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு தடவை முகத்தைச் சுளிச்சா. அப்புறம் திரும்பவும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முந்தி கேட்டதே இல்ல. எங்க கல்யாண போட்டோவுல கூட அவ அப்படிச் சிரிக்கல.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். வரல. குனிஞ்சு, 'கனி, நான் இங்கதான் நிக்கிறேன்'ன்னேன். அவ சிரிப்பு நின்னு போச்சு. சிஸ்டர் உதட்டுல விரலை வச்சுக் காட்டுனாங்க. அடுத்த தடவையில இருந்து, 'நீங்க வெளியவே உக்காருங்கய்யா, அவங்க நல்லா இருக்காங்க'ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க. தாலி கட்டுன புருசனை வெளிய உக்கார வச்சிட்டு ஆமையை உள்ள விட்டா எப்படி இருக்கும் உங்களுக்கு? சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

ஒரு நாள் கேட்டேன். 'அப்படி என்னதான் இருக்கு அங்க?'ன்னு. 'ஒண்ணுமில்லைங்க. மீனு, பாசி, தண்ணி. அங்க யாரும் என்னையக் கூப்பிட மாட்டாங்க'ன்னா. அது என்ன பேச்சு? மனுசரை மனுசர் கூப்பிடுறது ஒரு கொறையா? எங்க வீட்டுல காலையில இருந்து அவ பேரைத்தான் கூப்பிடுவோம். கனி, உப்பு எங்க. கனி, சாவி எங்க. கனி, மாவு பதம் வந்துருச்சா பாரு. எங்கம்மா கூப்பிடுவா, நான் கூப்பிடுவேன், பாக்கெட் போடுற பொம்பளைங்க கூப்பிடுவாங்க. அவ இல்லாம ஒரு சாமான் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அவ்வளவு மதிப்பு அவளுக்கு எங்க வீட்டுல.

நாள் போகப் போக ஆள் தெளிஞ்சுட்டா. சாப்பிட்டா, தூங்குனா. டாக்டரம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோசம். எனக்குத்தான் உறுத்த ஆரம்பிச்சுது. அமலோற்பவம் சிஸ்டர் வந்தா, 'அடுத்த கட்டு என்னைக்கு சிஸ்டர்?'ன்னு இவளே கேக்கிறா. கட்டுப் பிரிக்கிற நாளை ஆசையா எதிர்பாக்கிற பொம்பளையை எங்கயாவது கண்டிருக்கீங்களா? நான் போய்ப் பக்கத்துல உக்காந்து, ஊர் நடப்பு, கடை நடப்பு எல்லாம் சொல்லுவேன். ம்... ம்...ங்கிறா. கண்ணு மேல பாத்துக்கிட்டு இருக்கும். எனக்குக் கோபமா வந்துச்சு. இத்தனை வருசம் வாழ்ந்த வீடு இருக்க, எவனோ எங்கயோ படம் பிடிச்ச கடலுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா இவ வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவா? அந்தப் பயம் எனக்கு அப்பவே வந்துருச்சு. நான் சும்மா பேசல, இப்ப நீங்களே பாக்கிறீங்கல்ல.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை. அந்தப் பெட்டியில கடல் தெரியும்னா நம்ம வீடு தெரியாதா?

எங்க ஊர்ல கிங்ஸ்லின்னு ஒரு வீடியோக்காரர். கல்யாணம், சடங்கு, புதுமனை எல்லாம் அவர்தான். விசாரிச்சா, சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும் எடுக்கிற கேமரா மதுரையில வாடகைக்குக் கிடைக்கும்னார். 'எடுத்துரலாம் முதலாளி, நம்ம தெக்கத்தி ஜில்லாவுல இதுதான் முதல்'னார். டாக்டரம்மாகிட்டப் போய்க் கேட்டேன். 'தெரிஞ்ச எடம், பிடிச்ச எடம்னா சில பேருக்கு நல்லதுதான். அவங்களுக்குச் சம்மதமா?'ன்னு கேட்டாங்க. 'சம்மதம்தான் மேடம்'னேன். கனிகிட்ட நான் கேக்கல, சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு. அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?

கிங்ஸ்லி வந்தார். ஒரு கம்பு மாதிரி ஸ்டாண்டு, அது மேல உருண்டையா ஒரு கேமரா. 'இது எங்க இருக்கோ அங்கதான் பாக்கிறவங்க நிப்பாங்க. எங்க வைக்கட்டும்?'னார். வாசல்ல வைக்கலாமான்னு கேட்டார், சாமி ரூம்ல வைக்கலாமான்னு கேட்டார். நான் சொன்னேன், அவளுக்குன்னு அந்த வீட்டுல ஒரு எடம் இருக்கு, அங்க வைங்கன்னு. கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய், சட்டிக்கு வலது பக்கம், சுவத்துக்கும் சட்டிக்கும் நடுவுல, அவ நிக்கிற எடத்துலயே, அவ உசரத்துக்கே வச்சோம். எங்கம்மாதான் உசரம் பாத்துச் சொன்னா. சட்டி சும்மா இருந்தா நல்லா இருக்காதுன்னு எண்ணெயை ஊத்திக் காய வச்சு, ஒரு ஈடு சேவும் போட விட்டோம். பொங்கி வருது பாருங்க, கிங்ஸ்லியே வாயைப் பிளந்துட்டார்.

அவருக்குப் பழக்கம் கல்யாண வீட்டுப் பழக்கம்தானே. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சார். கேமராவைப் பாருங்க, சிரிங்க, கையை ஆட்டுங்க. எங்கம்மா முதல்ல வந்து, 'எம்மா கனி, நீ இல்லாம மாவுப் பதமே வரலம்மா. எனக்கு நிக்க முடியல. சீக்கிரம் வந்துரும்மா'ன்னா. சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. பாக்கெட் போடுற ரெண்டு பேரும், 'எக்கா, ஆர்டர் குமிஞ்சு கிடக்கு, எப்ப வருவீங்க?'ன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க, எதிர்வீட்டுக்காரங்க வந்தாங்க, எல்லாரும் கனி, கனின்னு ஆளுக்கு ரெண்டு வார்த்தை. கடைசியா நான். புதுச் சட்டை போட்டுக்கிட்டேன். 'கனி, ஒண்ணுக்கும் கவலைப்படாத. அடுப்புக் காலுக்கு வெல்டிங் வச்சாச்சு. நீ வந்து நின்னாப் போதும்'ன்னேன். நல்லா இருக்குன்னு எல்லாரும் கை தட்டுனாங்க. கிங்ஸ்லி அதுக்கு நாகஸ்வரம் சேத்து, 'நலம் பெற வாழ்த்தும் குடும்பத்தினர்'னு எழுத்துப் போட்டு, மேல இருந்து ரோசாப்பூ கொட்டுற மாதிரி பண்ணிக் குடுத்தார்.

அன்னைக்கு டாக்டரம்மா வேற வார்டுல இருந்தாங்க. அமலோற்பவம் சிஸ்டர், 'என்னய்யா இது?'ன்னாங்க. 'எங்க வீடு சிஸ்டர், டாக்டரம்மாகிட்டச் சொல்லியாச்சு'ன்னேன். 'வீடுதானே, சரி'ன்னு மாட்டி விட்டாங்க. கனி மூஞ்சி எப்படி மலரப் போகுதுன்னு பாக்கணும்னு கெஞ்சி நானும் உள்ள நின்னுக்கிட்டேன்.

சிஸ்டர் கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. கனி முதல்ல தலையைத் தூக்கிப் பாத்தா. அப்புறம் காலைப் பின்னால இழுத்தா. படுத்திருக்கிறவ எங்க இழுக்க? கட்டில்ல மேல மேல நகந்து தலை கம்பியில இடிச்சுது. தலையை அந்தப் பக்கம் திருப்புனா, இந்தப் பக்கம் திருப்புனா, கீழ குனிஞ்சா. 'சட்டி... சட்டி...'ன்னா. 'அத்தே, வந்துட்டேன் அத்தே, நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தே'ன்னா. அப்புறம் ஒரு கத்து. முதல் நாள் கத்துனதெல்லாம் ஒண்ணுமில்ல. புண்ணு இருக்கிற கையாலயே பெட்டியைப் பிச்சு எறிஞ்சா. அது சுவத்துல அடிச்சு விழுந்துச்சு. கையில ரத்தம், தொடையில ரத்தம், ஆறி வந்த எடமெல்லாம் திரும்பவும் பிஞ்சு போச்சு. சிஸ்டர் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பெட்டியை எடுத்துப் பாத்தேன், உடைஞ்சிருச்சோன்னு. உள்ள இன்னும் நாகஸ்வரம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நான் பேசுற எடம் வந்திருக்கும். அதைக் கேட்டிருந்தான்னா தைரியம் ஆயிருப்பா.

டாக்டரம்மா ஓடி வந்தாங்க. என்னைய வெளிய கூப்பிட்டு, 'அதுல என்ன இருந்துச்சு?'ன்னு கேட்டாங்க. 'வீடு மேடம், சொன்னேனே'ன்னேன். 'அவங்களுக்கு எண்ணெய் கொட்டுன எடம்னு சொன்னீங்களா?' 'அதுவும் வீடுதானே மேடம்'னேன். திட்டுவாங்கன்னு நெனைச்சேன், திட்டல. 'நான் பாத்துட்டுப் போட்டிருக்கணும், எந் தப்பு'ன்னு மட்டும் சொன்னாங்க. சின்னப் பிள்ளை, கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. வராண்டாவுல உக்காந்து கடைக்குப் போன் பேசுனேன்.

அதுக்கப்புறம் பழையபடி கடலைப் போட்டுத்தான் கட்டு மாத்துனாங்க. கனி அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, ஏன் அப்படிப் பண்ணுனீங்கன்னு கூடக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஓசூர்ல இருந்து மக போன் பண்ணி, 'அப்பா, கொஞ்ச நாள் நீங்க ஒண்ணும் செய்யாம இருங்கப்பா, அம்மாவுக்கு அதுவே போதும்'ன்னா. பெத்த அப்பன்கிட்டப் பேசுற பேச்சா இது?

வீட்டுக்கு விடுற அன்னைக்குக் கார் பிடிச்சுக்கிட்டுப் போனேன். மச்சினன் பொன்ராஜ் எனக்கு முந்தியே வந்து நிக்கிறான். கனி சேலை மாத்தி, பையைக் கட்டி உக்காந்திருக்கா. 'கொஞ்ச நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வாறேங்க'ன்னா. என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னா, சாதாரணமாத்தான் சொன்னா. எல்லார் முன்னாலயும் என்ன பேச? சரின்னுட்டேன்.

அவங்க போனப்புறம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அமலோற்பவம் சிஸ்டர்கிட்டப் போய், அந்த வீடியோவை எனக்கு ஒருக்கா மாட்டி விடுங்கன்னு கேட்டேன். பாவம், மாட்டி விட்டாங்க. பாத்தேன் அண்ணாச்சி. ஒரு கொறை சொல்ல முடியாது. அப்படியே நம்ம கொட்டகை. கீழ குனிஞ்சா சட்டியில எண்ணெய் கொதிக்குது, இந்தா, தொடைகிட்ட. முன்னால எங்கம்மா. இந்தப் பக்கம் பாக்கெட் பொம்பளைங்க, அந்தப் பக்கம் தெருக்காரங்க, எல்லாரும் கனி, கனின்னு கூப்பிடுறாங்க. பின்னால திரும்புனா சுவரு. எந்தப் பக்கம் திரும்புனாலும் நம்ம ஆளுங்க, நகர எடமில்லாம நிக்கிறாங்க. ஒரு மனுசிக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கழட்டும்போது எனக்கு வேர்த்து ஊத்தியிருந்துச்சு. ரூம்ல ஏ.சி. ஓடலை போல.

இப்பத்தான் தூத்துக்குடிக் கதை. போன வாரம் போனேன்ல, பொன்ராஜ் சம்சாரம் முத்துச்செல்வி வாங்கண்ணேன்னு கூப்பிட்டு உக்கார வச்சு, காபி குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கனி கட்டில்ல உக்காந்திருந்தா. ஆள் தேறிட்டா, கன்னம் விழுந்திருந்தது இப்ப சரியாயிருச்சு. தன்னால நடக்கிறா, கொடியில துணி கூட அவளே காயப் போட்டிருந்தா. நாற்காலியை அவ பக்கத்துல இழுத்துப் போட்டு, நிதானமா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். எங்கம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் போச்சு, நிக்க முடியல. சரக்கு முன்ன மாதிரி இல்லைன்னு வாடிக்கை பூராவும் சொல்றான். பொங்கல் வருது. பழைய அடுப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புது அடுப்பே வாங்கியாச்சு, நாலு காலையும் தரையில பதிச்சாச்சு, யானை வந்து முட்டுனாலும் அசையாது. உன்னைய யாரும் முன்ன மாதிரி நாள் பூரா நிக்கச் சொல்லல, சாயங்காலம் மட்டும் நின்னாப் போதும். ஊர்ல ஒவ்வொருத்தரும் கனி எங்க, கனி எங்கன்னு கேக்கிறாங்க, நான் என்ன பதில் சொல்ல. இப்படித்தான் சொன்னேன். கடுஞ்சொல் ஒண்ணு சொல்லல.

சொல்லிக்கிட்டே இருக்கேன், அவ கண்ணை மூடிட்டா. தூங்குறாளோன்னு பாத்தேன். தூங்கல. முதுகை நேரா வச்சுத்தான் உக்காந்திருக்கா. மூச்சை மெதுவா இழுக்கிறா, மெதுவா விடுறா. சுருங்கியிருந்த நெத்தி அப்படியே விரியுது. தலை கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் திரும்புது, என்னமோ முன்னால போறதைப் பாக்கிற மாதிரி. 'கனி'ன்னேன். 'கனி, உங்கிட்டத்தான் பேசுறேன்'ன்னேன். உதட்டுல சிரிப்பு வருது அண்ணாச்சி. கண்ணுல பெட்டி இல்ல, ஒண்ணும் இல்ல.

என் சத்தம் கேட்டு முத்துச்செல்வி கரண்டியோட ஓடி வந்தா. 'சத்தம் போடாதீங்கண்ணே, அப்படியே விட்டுருங்க. பெட்டியை வீட்டுக்குக் குடுத்துவிட முடியாதுன்னு, அது இல்லாமலே கண்ணை மூடி அங்க போறதுக்கு சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்களாம். வலி எடுத்தா மதினி இப்படித்தான் போயிருவாங்க. வலி நின்னதும் அவங்களா வந்துருவாங்க'ன்னா.

என்ன வலி? நீங்களே சொல்லுங்க. புண்ணு ஆறிப் போச்சு. தோலு நல்லாச் சேந்துருச்சு, இனிமே கட்டே வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அன்னைக்கு யாரும் எதையும் பிரிக்கல, மருந்து போடல, அவ மேல ஒரு விரல் படல. நான்தான் எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கும் பேசணும். இருட்டுற வரைக்கும் உக்காந்து பேசுனாத்தான் சரிப்படும்.